முழுசாக வாசிக்கிறவர்

அவசரப்படுத்தினால் அவருக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அவசரப்படுத்தினால் அவர் இன்னும் மெதுவாகிவிடுவார். ரூட் ஒன் சாலையில் பின்னாலிருந்து யாராவது ஹாரன் அடித்தால், அதுவரை நாற்பதில் போய்க்கொண்டிருந்த வண்டியை முப்பத்தைந்துக்குக் கொண்டுவருவார். மறுபடி அடித்தால் முப்பது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு உயிர் போய்விடும். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. "அவ்வளவு அவசரம் என்றால் அந்த ஆள் நேற்றே கிளம்பியிருக்க வேண்டும்" என்பார்.

அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். எத்தனையோ வருஷம் கழிந்து இப்போது நினைக்கும்போது எனக்குத் தமிழிலேயே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ என்கிற ஊரில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டில் எங்களுக்கு நேர் கீழ் வீடு அவருடையது. அப்போதே எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். மினசோட்டாவில் பண்ணை வைத்திருந்த நார்வேக் குடும்பத்தில் பிறந்தவர். நெட்டையான உருவம், வெயில் பட்டால் சிவந்துபோகும் கழுத்து, கரண்டி கரண்டியாக விரல்கள். ராக்டைம் என்கிற பழைய பியானோ சங்கீதத்தில் நாற்பது ஐம்பது உருப்படிகள் எழுதியிருந்தார். எழுதினார் என்பது அவருக்கும், அவருடைய மகளுக்கும், அவற்றைத் திருப்பி அனுப்பிய சில பதிப்பகத்தாருக்கும்தான் தெரியும். காம்ப்ளெக்ஸில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அவரை நார்வேக்காரர் என்றே சொல்வோம். நேரில் நான் அங்கிள் என்று கூப்பிட்டேன். "நான் ஒற்றைப் பிள்ளை. என் மனைவியும் ஒற்றைப் பிள்ளை. நான் யாருக்கும் அங்கிள் ஆக வழியே இல்லை" என்று முதல் நாள் கணக்காகச் சொன்னார். எங்கள் பக்கத்து வழக்கம் அது, உங்களைக் கேட்டுக்கொண்டு கூப்பிடுவதில்லை என்றேன். கொஞ்ச நாளில், நான் போன் செய்தால் "அங்கிள் பேசுகிறேன்" என்று எடுக்க ஆரம்பித்தார்.

அந்த முதல் நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது சண்டை போடத்தான் என்று நினைத்தேன். கல்யாணமாகி அமெரிக்கா வந்தபோது நான் கோயம்புத்தூரிலிருந்து கிரைண்டரோடு வந்தவள். விமானத்தில் எத்தனை கிலோ விடுவார்கள் என்று கேட்டுத் துணிமணியை அம்மா வீட்டில் விட்டுவிட்டுக் கல்லை எடுத்துக்கொண்டு வந்தேன். இங்கே கரண்ட் வேறு என்பதால் என் வீட்டுக்காரர் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டிக் கொடுத்தார். மாவு மட்டும் ஊரில் வருகிற மாதிரி வரவில்லை. சூடாகி, புளிக்காமல் கிடந்தது. ஒரு சனிக்கிழமை அரைத்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. திறந்தால் இந்த நெட்டை மனிதர். கிரைண்டர் சத்தத்துக்காகத்தான் வந்திருக்கிறார் என்று நான் மன்னிப்புக் கேட்பதற்கு வாயைத் திறந்தேன்.

"அந்த இயந்திரம் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது இருக்க வேண்டியதைவிட வேகமாக ஓடுகிறது" என்றார்.

உள்ளே இருந்து என் வீட்டுக்காரர் வந்தார். ஈரோட்டுக்காரர், எலெக்ட்ரிகல் படித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தவர். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"கண்ணு, கரெக்டாத்தான் சொல்றாரு. நம்மூர்ல அம்பது ஹெர்ட்ஸ், இங்க அறுபது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜத்தான் மாத்தும். மோட்டார் ஸ்பீடாத்தான் சுத்தும்."

"ஆறு மாசமா மாவு பொங்கலைன்னு நான் அழுதுட்டிருக்கறேன், இத இப்பத்தான் சொல்றீங்களா?"

"எனக்கு இப்பத்தானுங்க தோணுச்சு" என்று எனக்கே 'ங்க' போட்டார். மாட்டிக்கொண்டால் அவருக்கு மரியாதை தானாக வந்துவிடும்.

நார்வேக்காரருக்குச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. வேகம்தான் பொறுக்கவில்லை. ஐந்து நிமிஷம் ஓட்டிப் பத்து நிமிஷம் நிறுத்தி அரைக்கச் சொன்னார். அப்படி அரைத்தால் ஒரு முழுச் சனிக்கிழமை போய்விடும் என்றேன். "சனிக்கிழமையை வேறு எதற்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அப்படியே அரைத்தேன். மறு வாரம் இட்லி பூவாக வந்தது, கீழே ஒரு தட்டு கொடுத்தனுப்பினேன்.

அப்போது எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. டிபெண்டெண்ட் விசா. வீட்டுக்காரர் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறிப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். ஒய்-டூ-கே, இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று அந்தக் காலத்தில் உலகமே தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. அங்கே எனக்குத் தெரிந்து ஓடாதவர்கள் இரண்டே பேர், கீழ் வீட்டில் அவரும் மேல் வீட்டில் நானும். அவர் இஷ்டப்பட்டு ஓடவில்லை, என்னை ஓட விடவில்லை. அதனால் காய்கறிக் கடைக்கு அவர் காரில் போவது, அவர் வீட்டில் கறுப்புக் காபி குடிப்பது என்று எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டானது. சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கவ்விக்கொண்டு அதன் வழியாகக் காபியை உறிஞ்சுவார். கிறிஸ்துமஸுக்கு உருளைக்கிழங்கை மசித்து மாவோடு பிசைந்து அகலமாகத் தேய்த்துச் சுட்டுத் தருவார். நார்வேச் சப்பாத்தி என்று நான் பெயர் வைத்தேன். அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுவோம்.

ராக்டைம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இடது கை ஒரே சீராகத் தாளம் போட்டுக்கொண்டு நடக்கும். வலது கை அந்தத் தாளத்தின் மேல் வந்து உட்காராது. கொஞ்சம் முன்னால் வரும், இல்லையென்றால் கொஞ்சம் பின்னால். நான் கல்யாணத்துக்கு முன் நாலு வருஷம் பாட்டு கற்றுக்கொண்டவள். அரை இடம் தள்ளி எடுக்கிற பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டு அடி வாங்கியவள். அதனால் கேட்டவுடன் பிடிபட்டது. இதை வேகமாக வாசித்தால் தள்ளி வருவது காதிலேயே விழாது. எல்லாம் ஒன்றாகக் குழைந்து சர்க்கஸ் சத்தமாகிவிடும். ஊரே அதைத்தான் ராக்டைம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. கோமாளி ஓடுவதற்கும் ஐஸ்கிரீம் வண்டி வருவதற்கும் போடுகிற சங்கீதம் என்று.

அவருக்கு இந்தப் பிடிவாதம் பன்னிரண்டு வயதில் வந்ததாம். பக்கத்து டவுனில் ஒரு கடையில் தானாக வாசிக்கும் பியானோ இருந்தது. துளை போட்ட காகிதச் சுருளை மாட்டிவிட்டால் கட்டைகள் தானே இறங்கி ஏறும். வேகத்துக்கு ஒரு நெம்புகோல் உண்டு. கடைக்காரன் அதைக் கடைசி வரை தள்ளிவிடுவான், கூட்டம் சிரிக்கும். ஒருநாள் கடைக்காரன் சாப்பிடப் போனபோது இவர் நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். "அழுகிற மாதிரி இருந்தது. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து யோசித்து எழுதியிருக்கிறார். இவர்கள் அவரை ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தார்கள்" என்றார். கடைக்காரன் திரும்பி வந்து காதைத் திருகி வெளியே விட்டான். அப்பா அவரைத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்க வைக்க ஆசைப்பட்டவர். சாத்தானுடைய சங்கீதத்துக்குக் காது வலித்தால் நல்லதுதான் என்று சொன்னாராம்.

இளவயதில் அவர் ஒரு பீட்சாக் கடையில் பியானோ வாசித்தார். வைக்கோல் தொப்பியும் கோடு போட்ட சட்டையும் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டேன் என்றார், வேலை போயிற்று. அப்புறம் ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோர். அங்கேயும் தொப்பி. அங்கேயும் மாட்டேன். கடைசியில் ஒரு மருந்துக் கம்பெனியின் கிடங்கில் சேர்ந்து ஓய்வு பெறும்வரை பெட்டி சரிபார்த்தார். அதில் அவருக்குக் குறையே இல்லை. பெட்டியைச் சரிபார்க்கத் தொப்பி தேவையில்லை என்பார்.

நானே ஒரு தடவை நேரில் பார்த்தேன். பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஞாயிறு மதியம் வாசிக்கக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்ததும் அங்கே வேலை செய்கிற பெண் சிரித்துக்கொண்டே தொப்பியைக் கொண்டுவந்து தலையில் வைக்கப் பார்த்தாள். இவர் தலையைச் சாய்த்தார். தொப்பி கீழே விழுந்தது. "ஒரு வேடிக்கைக்குத்தான்" என்றாள் அவள். இவர் குரலை உயர்த்தவே இல்லை.

"இதை உண்டாக்கியவர்கள் கறுப்பர்கள், அம்மா. நல்ல கோட்டும் டையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதினார்கள். இது கச்சேரி சங்கீதம் என்று சொன்னார்கள். யாரும் கேட்கவில்லை. அவர்கள் செத்த பிறகு நம் ஆட்கள் இதற்குத் தொப்பி மாட்டிவிட்டார்கள். நான் மாட்டமாட்டேன்."

பியானோவை மூடிவிட்டு எழுந்தார். அதுதான் அவர் வழக்கம். குறுக்கே யாராவது வந்தால் மூடிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். காரில் ஏறியதும் நான் பிடித்துக்கொண்டேன். அங்கே பத்துப் பதினைந்து கிழடுகள் ஆசையாக உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டேன். அவர் முப்பதில் ஓட்டிக்கொண்டு வந்தார்.

அவர் எழுதியவற்றில் ஒன்றைப் பெரியது என்று மட்டும் சொல்வார். அதற்குப் பெயர் வைக்கவில்லை. கிடங்கு வேலை பார்த்த வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி, திருத்தி, மறுபடி எழுதியது. சாதாரண ராக்டைம் உருப்படியில் நாலு பகுதி இருக்கும், ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசிப்பார்கள். பெரியதில் ஆறோ ஏழோ இருந்தது. எல்லாவற்றையும் திருப்பி வாசிக்க வேண்டும். முதல் முறை வந்ததும் திரும்ப வருவதும் ஒன்று கிடையாது, முதல் முறை நீங்கள் அதை இன்னும் கேட்டிருக்கவில்லையே என்பார். நம் ஊரில் பல்லவியை எத்தனை தடவை பாடுகிறார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இந்தப் பெரியதை ஒரு சபையில், மனிதர்களுக்கு முன்னால், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அவர் வாசித்ததே இல்லை. அது ஒன்றுதான் அவருக்கு வாழ்க்கையில் பாக்கி. ஒவ்வொரு தடவையும் ஏதாவது வந்தது. ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள அறையில் வாசிக்கும்போது பாதியில் பாதிரியார் எழுந்து நன்றி சொல்லிவிட்டார். ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடித்துப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். ஒரு தடவை சாப்பாட்டு வண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் மூடிவிட்டு எழுந்து வந்திருக்கிறார்.

நான் இருக்கும்போதே நியூயார்க்கிலிருந்து ஓர் ஆள் வந்தான். கேசட், சிடி போடுகிற சின்னக் கம்பெனி. யாரோ சொல்லி இவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தான். பெரியதின் முதல் பகுதியைக் கேட்டதும் சோபாவிலிருந்து எழுந்துவிட்டான். பிரமாதம், பிரமாதம் என்றான். அப்புறம், திருப்பி வாசிப்பதை எல்லாம் வெட்டிவிடலாம், இரண்டு மடங்கு வேகத்தில் எடுத்தால் மூன்று நிமிஷத்துக்குள் வரும், விற்றுவிடலாம் என்றான். இவர் அவனுக்கு இன்னொரு கோப்பை காபி ஊற்றினார். "இதைக் குடித்துவிட்டுப் போங்கள். மெதுவாகக் குடிக்கலாம்" என்றார்.

அவன் போனபின் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வீடு தேடி வந்த வாய்ப்பை எட்டி உதைப்பதற்குப் பெயர் கொள்கை இல்லை, கொழுப்பு என்று என் மனசில் தோன்றியதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். மூன்று நிமிஷமாவது நாலு பேர் கேட்பார்களே என்றேன்.

"அவர்கள் வேறு எதையோ கேட்பார்கள்" என்றார். "அதற்கு என் பெயரைப் போடுவார்கள்."

அதற்கு மறு வருஷம் அவருடைய வலது கை மோதிர விரல் விறைக்க ஆரம்பித்தது. பிறகு சுண்டு விரல். கோப்பையைப் பிடிக்கும்போது நடுங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு இது ஏறத்தான் செய்யும், இறங்காது என்று சொல்லிவிட்டார். மினசோட்டாவிலிருந்து மகள் போன் செய்து, வசந்தம் வந்ததும் அழைத்துப்போவதாகவும், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டிருப்பதாகவும், பியானோவை விற்றுவிடலாம் என்றும் சொன்னாள். இதை எல்லாம் அவர் என்னிடம் கடைக்குப் போகும் வழியில் சொன்னார். எவனோ பின்னால் ஹாரன் அடித்தான். முதல் தடவையாக அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. 

பொங்கல் விழாவில் வாசிக்க வைப்பது என்று நான் தீர்மானித்தது அந்தக் காரில்தான். எங்கள் தமிழ்ச் சங்கம் அந்த விழாவுக்கு ஒவ்வொரு வருஷமும் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அரங்கத்தை வாடகைக்கு எடுக்கும். அங்கே மேடையில் ஒரு நல்ல பெரிய பியானோ உண்டு. அது எங்கள் ஆட்களுக்கு மேஜை. உறையோடு அதன் மேல் பூத்தட்டு, குத்துவிளக்கு எண்ணெய், பரிசுக் கோப்பைகள், வாழைப்பழத் தார் எல்லாம் வைப்போம். நானே ஒரு வருஷம் சந்தனக் கிண்ணம் வைத்திருக்கிறேன்.

செயலாளர் மெட்ராஸ்காரர், ஒரு பெரிய பிராஜெக்டுக்கு மேனேஜர். நல்ல மனிதர், கடிகாரத்தைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லவர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அமெரிக்கனா மேடம்? சூப்பர். கல்சுரல் எக்ஸ்சேஞ்ச்னு போட்டுரலாம், ஃபோட்டோவுக்கும் நல்லா இருக்கும். எவ்ளோ நேரம்?"

"அஞ்சு நிமிஷமுங்க."

பொய்தான் சொன்னேன். இன்றைக்குவரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. குழந்தை டான்ஸுக்கு இரண்டு நிமிஷம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு நிமிஷம் ஆடவிடுகிற அம்மா அப்பாக்கள் நிறைந்த சபை அது. நார்வேக்காரரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். நூறு பேர், இருநூறு பேர் இருப்பார்கள், ராக்டைம் என்றால் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது, சத்தம் போடுவார்கள் என்றேன். "தெரியாதவர்கள் நல்லவர்கள். வேகமாக வாசிக்கச் சொல்ல மாட்டார்கள்" என்றார். எங்கள் ஆட்களை அவருக்கு இன்னும் முழுசாகத் தெரியாது.

விழா எல்லா வருஷமும் போலத் தாமதமாகத் தொடங்கியது. வரவேற்புரை நீண்டது. டான்ஸ்கள் நீண்டன. ஒரு பையன் மனப்பாடமாய்ச் சொன்ன கவிதை நடுவில் மறந்துபோய், அவனுடைய அம்மா மேடைக்கே ஏறிப்போய் எடுத்துக் கொடுத்தாள். நார்வேக்காரர் கறுப்புக் கோட்டும் டையும் கட்டி மேடையோரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பியானோவின் மேலிருந்த பழத்தாரையும் கோப்பைகளையும் நானும் என் வீட்டுக்காரரும் இறக்கி வைத்து, கொட்டிக்கிடந்த குங்குமத்தைத் துடைத்தோம். அவர் முறை வரும்போது எடிசன் ஊர் ஹோட்டலிலிருந்து சாப்பாடு வந்து இறங்கிவிட்டது. காஃபிடேரியாவிலிருந்து சாம்பார் வாசனை அரங்கத்துக்குள் வந்துகொண்டிருந்தது. செயலாளர் என்னிடம் ஓடி வந்தார்.

"மேடம், டைமே இல்ல. ஆறு மணிக்கு ஹால காலி பண்ணணும், ஸ்கூல்காரன் ஓவர்டைம் போட்டுருவான். அவர கொஞ்சம் ஃபாஸ்ட்டா வாசிச்சு ஃபினிஷ் பண்ண சொல்லுங்க, ப்ளீஸ்."

"அத நீங்களே சொல்லிப் பாருங்க" என்றேன்.

அவர் போய்ச் சொன்னார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நார்வேக்காரர் தலையை ஆட்டி, பெஞ்சை இழுத்துப் போட்டு, உட்கார்ந்து, உயரத்தைச் சரிசெய்து, மறுபடி சரிசெய்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு ஆரம்பித்தார். எங்கள் வீட்டுத் தரை வழியாக நான் கேட்டதைவிட மெதுவாக.

முதல் பகுதி முடிந்தது. கேட்டால் முடிந்த மாதிரியே இருக்கும் முடிவு அது. எங்கள் ஜனம் பாட்டே முடிந்துவிட்டது என்று கைதட்டியது. பாதிப் பேர் சாப்பிட எழுந்தார்கள். அவர் அதே பகுதியைத் திரும்ப வாசிக்கத் தொடங்கினார். எழுந்தவர்கள் குழம்பிப்போய் நின்றார்கள். இரண்டாவது பகுதியும் அதே மாதிரி, மறுபடி கைதட்டல். மூன்றாவதின் நடுவில், செயலாளருக்குப் பொறுக்கவில்லை. யாரையாவது மேடையிலிருந்து இறக்க வேண்டுமென்றால் நம்மவர்கள் கையில் இருக்கிற ஒரே ஆயுதத்தை எடுத்தார். ஜரிகை போட்ட பொன்னாடை ஒன்றைப் பிரித்துக்கொண்டு மேடைக்குப் போனார். பின்னாலேயே போட்டோகிராஃபர். வாசித்துக்கொண்டிருக்கிறவருடைய தோளில் பொன்னாடையைப் போர்த்தி, மைக்கில் "நன்றி, மிக்க நன்றி, அடுத்ததாக" என்றார். பொன்னாடை வழுக்கி இடது கையின் மேல் விழுந்தது. தாளம் நின்றது.

அவர் கையை எடுத்தார்.  இப்போது மூடுவார், கோட்டைச் சரிசெய்துகொண்டு எழுவார், அவ்வளவுதான், இந்தக் கையோடு இன்னொரு மேடை அவருக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்தச் செயலாளரைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது.

அவர் பொன்னாடையை எடுத்தார். நிதானமாக நாலாக மடித்துப் பெஞ்சில் பக்கத்தில் வைத்தார். போட்டோகிராஃபரைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கைகளைக் கட்டைகளின் மேல் வைத்து, ஆரம்பத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

மூன்றாவது பகுதியிலிருந்து இல்லை. முதலிலிருந்து.

அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. பிறகு கூட்டம் காஃபிடேரியாவுக்கு நகர ஆரம்பித்தது. நாற்காலிகள் மடிகிற சத்தம், பிள்ளைகள் ஓடுகிற சத்தம், "அய்யய்யோ, இது முடியற கேஸ் இல்ல" என்று ஒரு குரல். செயலாளர் திரைக்கயிற்றை நோக்கி வேகமாகப் போனார். நான் அவருக்கு முன்னால் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"மேடம், விடுங்க."

"விடமாட்டனுங்க."

"கிச்சன்ல எல்லாரும் வெயிட் பண்றாங்க. பிரசிடெண்ட் ஸ்பீச் இருக்கு. நீங்க அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்க!"

"ஆமா, சொன்னேன். இப்ப என்னங்கறீங்க?"

ஊரில் என் அப்பாவிடம்கூட நான் அப்படிப் பேசியதில்லை. கயிறு கையை அறுத்தது. செயலாளர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். அவர் படியேறி வந்தார். சங்கத்தில் நாலு பேர் முன்னால் அவமானம் என்று என்னை இழுத்துக்கொண்டு போவார் என்றுதான் நினைத்தேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"கை செவந்துபோச்சு கண்ணு. தள்ளிக்க, நான் புடிச்சுக்கறேன்" என்று கயிற்றை வாங்கிக்கொண்டார்.

அந்த மனிதரை நான் அன்றைக்குத்தான் கல்யாணம் செய்துகொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரங்கத்தில் கடைசியில் மிஞ்சியவர்கள் முன்வரிசையில் இருந்த பெரியவர்கள்தான். மகன் மகள் வீட்டுக்கு ஆறு மாச விசாவில் வந்திருக்கிற அப்பா அம்மாக்கள். பிள்ளைகள் வந்து கூட்டிப்போனால்தான் எழுந்திருப்பார்கள், பிள்ளைகளோ சாப்பாட்டு வரிசையில். அவர்களில் மயிலாப்பூர்ப் பெரியவர் ஒருவர் எப்போது தொடங்கினாரோ, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து, "இடது கை அப்படியே நிக்கறது பாருங்கோ. வலது கை எடத்துக்கு வராமலே வரது. பேஷ்" என்றார். பக்கத்திலிருந்தவரும் போட ஆரம்பித்தார். இரண்டு மாமிகள் விரல் விட்டுத் தாளம் எண்ணினார்கள். பள்ளிக்கூடத்தைச் சுத்தம் செய்கிறவர் துடைப்பத்தோடு பின்கதவில் நின்றுவிட்டார்.

கடைசிக்கு முந்தின பகுதியில் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. ஓரிடத்தில் தடுக்கி நின்றது. அவர் அவசரப்படவில்லை. கையை உதறிக்கொண்டு, மறுபடி அந்தப் பகுதியின் தொடக்கத்துக்குப் போனார். இரண்டாவது தடவையும் தடுக்கியது. மூன்றாவது தடவை அந்த விறைத்த விரலை விட்டுவிட்டு வேறு விரலால் தாண்டினார். நான் அழுதுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கயிற்றை விடாமல் பிடித்திருந்தார். செயலாளர் மேடைப் படியில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார்.

முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. இதுவும் முடிவுதானா என்று யாருக்கும் நிச்சயமில்லை. அவர் எழுந்து, மடித்து வைத்த பொன்னாடையைக் கையில் எடுத்துக்கொண்டு, சபையைப் பார்த்து லேசாகக் குனிந்தார்.

"இப்போது நீங்கள் சாப்பிடப் போகலாம்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவரே பேசினார். இதுவரை கோபித்துக்கொண்டு எழுந்து வந்ததெல்லாம் முட்டாள்தனம் என்றார். எழுந்து வந்தால் அவர்களுக்கு வேண்டியது நடந்துவிடுகிறது, இது தெரிய எனக்கு இவ்வளவு வயதாகிவிட்டது என்றார். சாம்பார் நன்றாக இருந்தது, கொஞ்சம் ஆறியிருந்தது என்றும் சொன்னார்.

ஏப்ரலில் மகள் வந்து அழைத்துப்போனாள். பியானோவை ஒரு கொரியக் குடும்பம் வாங்கிக்கொண்டு போனது. சங்கத்தில் அடுத்த வருஷம் என்னை எந்தக் கமிட்டியிலும் போடவில்லை. சமையல் கமிட்டியில்கூட இல்லை. அதனால் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. இட்லி மாவைச் சனிக்கிழமைகளில் நிறுத்தி நிறுத்தி அரைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்தொன்றில் ஒரு நாள் மகள் போன் செய்தாள். அப்பா போய்விட்டார் என்றாள். தூக்கத்திலேயே போனாராம்.  பிறகு அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். கடைசி நாட்களில் இல்லத்தில் எல்லாரிடமும் அப்பா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாராம், பெரியதை ஒரு சபையில் முழுசாக வாசித்துவிட்டேன் என்று. வயதாகிவிட்டது, நடக்காததை நடந்ததாக நினைத்துக்கொள்கிறார் என்று அவர்கள் விட்டுவிட்டார்களாம்.

"நானே அதை முழுசாகக் கேட்டதில்லை. சின்ன வயதில் பாதியில் தூங்கிவிடுவேன், இல்லையென்றால் அம்மா போதும் என்பாள். நிஜமாகவே வாசித்தாரா? ஒன்றையும் விடாமல்?"

"வாசித்தார்" என்றேன். "ஒன்றையும் விடாமல்."

அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. தன்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். பின்பு, "கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டாள்.

அவளிடம் அழகாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு உள்ளதுதான் வாயில் வந்தது. "எல்லாருக்கும் சாம்பார் ஆறிப்போய்விட்டது. தலைவர் பேசவே முடியவில்லை. பள்ளிக்கூடத்தார் அபராதம் போட்டார்கள். இன்றைக்குவரை என்னைத் திட்டுகிறார்கள்" என்றேன்.

எதிர்முனையில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"அப்படியென்றால் முழுசாகத்தான் வாசித்திருக்கிறார்" என்றாள்.